பூனைக்கு நாள் குறித்த நாடு

உங்களில் பலர் வீட்டில் பூனை வளர்ப்பீர்கள். பாலைக் குடித்துவிட்டு மடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். அந்தப் பூனையை ஓர் அரசாங்கமே ஒழிக்கப் போகிறது என்றால் நம்புவீர்களா? கிரிக்கெட்டில் 'கிவி அணி' என்கிறோமே, அந்த நியூசிலாந்துதான்! வளர்ப்புப் பூனையை அல்ல. மனிதர் துணையின்றிக் காட்டில் வேட்டையாடிப் பிழைக்கும் பூனைகளை 2050-ஆம் ஆண்டுக்குள் அடியோடு ஒழிக்கப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். எலி முதலிய சில பிராணிகளுக்கு 2016-லேயே இப்படி நாள் குறித்தாகிவிட்டது.

ஏன் இந்தக் கோபம்?

நியூசிலாந்து சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிற நிலப்பகுதிகளிலிருந்து பிரிந்து, கடல் நடுவே தனித்துப்போன நாடு. மனிதர் வரும்வரை அந்த மண்ணில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி கிடையாது. எலி இல்லை, பூனை இல்லை, நரி இல்லை. தரையில் துரத்த ஆளில்லாதபோது பறவை எதற்குப் பறக்க வேண்டும்? கிவி போன்ற பல பறவைகள் பறப்பதையே விட்டுவிட்டன. ககாப்போ என்னும் பச்சைக் கிளியும் அப்படித்தான். ஆபத்து என்றால் அசையாமல் நின்றுவிடும். கண்ணால் தேடும் கழுகை அப்படி ஏமாற்றலாம். மோப்பம் பிடித்து வருகிற பிராணியை ஏமாற்ற முடியுமா?

சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் மாவோரி மக்கள் படகில் வந்தார்கள். கூடவே நாயும் ஒருவகை எலியும் வந்தன. அப்போது அங்கே மோவா என்ற பறவை இருந்தது. பெரிய மோவா கழுத்தை நிமிர்த்தினால் நம் வகுப்பறைக் கூரையைத் தொடும். எடை 200 கிலோவுக்கும் மேல்! இறைச்சிக்காக வேட்டையாடியதில் இருநூறு ஆண்டுகளுக்குள் அந்த இனமே இல்லாமல் போயிற்று. மோவாவைத் தின்று வாழ்ந்த ராட்சதக் கழுகும் அதோடு அழிந்தது.

பிறகு ஐரோப்பியர் வந்தார்கள். அவர்கள் கப்பலில் பூனையும் புதுவகை எலிகளும் வந்து இறங்கின. ரோமத்துக்காக, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் பாஸத்தை 1837-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். உணவுக்கும் வேட்டைக்கும் முயலை விட்டார்கள். முயல் பெருகி, ஆடு மேய வேண்டிய புல்லையெல்லாம் தின்றது. முயலைப் பிடிக்க, 1880-களில் கீரி போன்ற ஸ்டோட்டை இறக்கினார்கள். 'பறவைகள் அழிந்துவிடும்' என்று விவரம் அறிந்தவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. ஓடுகிற முயலை விடப் பறக்காத பறவை சுலபமான இரை அல்லவா?

ரிச்சர்ட் ஹென்றி என்பவர் 1894 முதல் ககாப்போ, கிவிப் பறவைகளை நூற்றுக்கணக்கில் பிடித்து, படகில் ஏற்றி, ரெசல்யூஷன் தீவில் விட்டார். அங்கே ஸ்டோட் இல்லை என்ற நம்பிக்கைதான். 1900-ல் அந்தத் தீவிலும் ஸ்டோட் தென்பட்டது. கடலை நீந்தியே வந்துவிட்டது! அவர் பட்ட பாடெல்லாம் வீண்.

1995-ல் மிஞ்சியிருந்த ககாப்போ வெறும் 51. எதிரிகளை ஒழித்த சிறு தீவுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, ரேடியோ கருவி மாட்டிக் காத்ததால் இன்று 200-க்கும் மேல் இருக்கின்றன.

பூனையும் ஸ்டோட்டும் தாமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு வரவில்லை. கொண்டுவந்தவர் மனிதர், தண்டனை அவற்றுக்கு. இது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். ஆனால் அவற்றை அப்படியே விட்டால், உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் போய்விடும். அதனால் அரசின் திட்டம் தேவை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. 2023-ல் அங்கே நடந்த ஒரு வேட்டைப் போட்டியில், 14 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களில் அதிகமான காட்டில் திரியும் பூனைகளைக் கொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்! கடும் எதிர்ப்பு எழுந்ததும் அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். கைவிட்டதே சரி. வேறு வழியின்றிச் செய்கிற வேலையைப் பரிசு வைத்து விளையாட்டாக்கலாமா?

இதுவரை 100-க்கும் மேற்பட்ட சிறு தீவுகளில் எலிகளை ஒழித்திருக்கிறார்கள். மக்கள் வாழும் இரண்டு பெரிய தீவுகளில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. அங்கே காட்டுக்குப் பக்கத்திலேயே வீடுகள். வீட்டுக்கு வீடு பூனைகள்.