யாருக்கு ஆஃபர், யாருக்கு இலவசம்?

தீபாவளிக்கு முன்பு வரும் பெரும் தள்ளுபடி விற்பனை நாட்களில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் கணக்கு வகுப்புகளாகிவிடுகின்றன. எந்த வங்கியின் கிரெடிட் கார்டுக்கு எத்தனை சதவீதம், மாணவர் தள்ளுபடியோடு அது சேருமா, கேஷ்பேக் தளம் வழியாக உள்ளே போனால் இன்னும் எவ்வளவு குறையும், பழைய போனை மாற்றிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று நள்ளிரவு வரை விவாதம் ஓடும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரூ.60,000 மடிக்கணினியை ரூ.48,000-க்கு முடித்தவர்தான் அன்றைய நாயகர். "செம மூளைப்பா உனக்கு" என்று பாராட்டு குவியும்.

சிக்கனமாக வாங்குவதில் பிழை எதுவும் இல்லை. மாணவர் கையில் மிஞ்சும் ஒவ்வொரு நூறு ரூபாயும் நல்ல செய்திதான். என் கேள்வி அந்த 'மூளை' என்ற சொல்லைப் பற்றியது.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, மாணவர் தள்ளுபடி ரூ.5,000 என்று வையுங்கள். அதைப் பெறக் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி வேண்டும். வங்கியின் உடனடித் தள்ளுபடி ரூ.4,000. அதற்குக் கிரெடிட் கார்டு வேண்டும். மாணவருக்கு வருமானம் இல்லை, ஆகவே அது அப்பாவின் கார்டு. அப்பாவுக்கு மாதச் சம்பளம் இருக்க வேண்டும், வருமான வரிக் கணக்கு இருக்க வேண்டும், கடன் மதிப்பெண் இருக்க வேண்டும். கேஷ்பேக் தளத்தில் ரூ.1,000, கார்டின் வெகுமதிப் புள்ளிகளில் ரூ.2,000. ஆக மொத்தம் ரூ.12,000. இத்தனைக்கும் மேலே, விற்பனை நடக்கும் அந்த நான்கைந்து நாட்களுக்குள் பணத்தைப் புரட்டும் வசதி வேண்டும். இந்தப் பட்டியலில் மூளை எங்கே வருகிறது? கடைசி ஐந்து நிமிடத்தில் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை.

இப்போது இன்னொரு கணக்கு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையின் 2021 வழிகாட்டு நெறிமுறைகள்படி, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2,50,000-க்கு உட்பட்ட வீட்டிலிருந்து வந்து, சாதாரண இளங்கலைப் படிப்பைப் படிக்கும், விடுதியில் தங்காத மாணவருக்குக் கட்டணம் போகக் கிடைக்கும் கல்விப்படி ஆண்டுக்கு ரூ.3,000. விடுதியில் தங்கினால் ரூ.6,000. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுக்க வீட்டிலிருந்து போய்வரும் ஒரு தலித் மாணவிக்கு அரசு தரும் படி மொத்தம் ரூ.9,000. வசதியுள்ள வீட்டு மாணவர் ஒரே இரவில் அடுக்கிய தள்ளுபடி அதைவிட ரூ.3,000 அதிகம். முதலாவதற்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, அலுவலக நடை என்று எல்லாம் உண்டு. அதை வாங்கியவரை யாரும் 'செம மூளை' என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுக்குவதற்குத் தேவையான இன்னொரு பொருள் நேரம். சலுகைக்குத் தேதி உண்டு, உதவித்தொகைக்குத் தேதி கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் விலை குறையும்போது கையில் பணம் இல்லாதவர், பணம் வரும் மாதத்தில் முழு விலை கொடுத்து வாங்குவார். ஒரே பொருள், ஒரே தளம், இரண்டு விலை.

ஆன்லைன் கடைக்கு நம்மிடம் ஒரு தனி மரியாதை இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் கடை என்பது வெறும் கடையாக இருந்ததில்லை. எட்டி நின்று கேட்க வேண்டும், காசைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்வார்கள், மீதியைத் தூக்கிப் போடுவார்கள், தேநீர்க் கடையில் தனிக் குவளை. அதற்கு எதிராக ஓசையில்லாமல் வேலை செய்த ஒன்று, பொட்டலத்தின்மேல் அச்சடித்த அதிகபட்ச சில்லறை விலை. சேரியிலிருந்து போகும் ஒரு சிறுமி, "அட்டையில் பத்து ரூபாய்னுதான் போட்டிருக்கு" என்று சொல்ல முடிந்தது. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த எண் வாங்குபவர் யார் என்று கேட்பதில்லை. இணையக் கடை வந்தபோது இது இன்னும் ஒரு படி மேலே போனது. பெட்டி வாசலுக்கு வருகிறது, யாருடைய முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. இதைச் சிறுமைப்படுத்த நான் தயாரில்லை. இழிவைச் சந்திக்காமல் ஒரு பொருளை வாங்க முடிவதும் விடுதலையின் ஒரு துண்டுதான்.

ஆனால் தள்ளுபடிகளின் அடுக்கு, அச்சடித்த விலை கைவிட்ட அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கொண்டுவருகிறது. நீ யார்? எந்தக் கல்லூரி? எந்த வங்கி? வீட்டில் யாருக்குச் சம்பளம்? சாதியின் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. நிரந்தர வேலை, நகரத்து முகவரி, பெயர்பெற்ற கல்வி நிறுவனம் எல்லாம் இந்த நாட்டில் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு, பதில்களை வரிசைப்படுத்தினால் எந்த வரிசை வரும் என்பதும் தெரியும். இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில்தான் 10 கோடியைத் தாண்டியது. ஒருவரே இரண்டு மூன்று வைத்திருப்பதால் ஆட்கள் அதைவிடக் குறைவு. 140 கோடிப் பேர் வாழும் நாடு இது.

மாணவர் என்ற அடையாளமே இங்கே ஒரு குறிப்பிட்ட மாணவரை மனதில் வைத்து வரையப்பட்டிருக்கிறது. சில இளைஞர் சலுகைகள் 18 முதல் 24 வயது வரைதான். பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றின் மாணவர் சந்தாவை நான்கு ஆண்டுகளுக்கு மேல் பெற முடியாது. பள்ளி முடித்ததும் கல்லூரி, அது முடிந்ததும் வேலை என்று தடையில்லாமல் போகிறவருக்கு இது சரி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருபவர், தங்கையின் திருமணக் கடன் முடிந்த பிறகு முதுகலை சேர்பவர், முப்பதைத் தாண்டியும் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் எங்களைப் போன்றவர்கள் எல்லாம் இவர்களின் கண்ணுக்கு மாணவர்களே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளே முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் வரை அனுமதிக்கின்றன என்பது தனிக்கதை.

இந்தத் தள்ளுபடிப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி நிறுவனங்களின் விளம்பரச் செலவு. இன்னொரு பகுதி, கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் வணிகர் வங்கிக்குக் கட்டும் கட்டணம். டெபிட் கார்டுகளுக்கு அந்தக் கட்டணத்தில் ரிசர்வ் வங்கி 2012 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. யுபிஐ, ரூபே டெபிட் இரண்டுக்கும் 2020 ஜனவரி முதல் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது, வெகுமதிப் புள்ளிகள் கொழிப்பதும் அங்கேதான். வணிகர் அந்தக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து போட மாட்டார், விலையில் ஏற்றுவார். ஏற்றிய விலையை ரொக்கம் கொடுப்பவரும் சேர்த்தே கொடுக்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பத்திடமிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் போகிறது, கார்டில் வாங்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வருகிறது என்றார்கள். இங்கே தொகை வேறாக இருக்கும், ஓடும் திசை அதுதான். கேஷ்பேக் கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவருக்கு, அதில் மூலைக் கடையில் சில்லறை எண்ணிக் கொடுத்தவரின் பங்கும் இருக்கிறது என்று யாரும் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை.

இதில் இன்னொரு நுட்பம். எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. கிரெடிட் கார்டு உள்ளவருக்குப் பத்து சதவீதம், டெபிட் கார்டு உள்ளவருக்கு ஐந்து, யுபிஐ வைத்திருப்பவருக்கு ஒரு கீறல் அட்டை, அதைக் கீறினால் 'அடுத்த முறை நல்வாய்ப்பு'. தனக்குக் கீழே ஒருவர் இருப்பதால் யாரும் மேலே பார்த்துக் கோபப்படுவதில்லை. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கிய அமைப்பு எவ்வளவு எளிதாக ஒரு செயலிக்குள் குடியேறிவிடுகிறது பாருங்கள்.

கார்டு இல்லாதவர்கள் இரவல் வாங்குகிறார்கள். விடுதி வாழ்க்கையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். "உங்க அப்பா கார்டுல போட்டுத் தர்றியா, பணம் ஜிபேல அனுப்பிடுறேன்" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு தயக்கம் இருக்கும். கேட்டவுடன் தெரிந்துவிடும், உன் வீட்டில் ஒருவரிடமும் கார்டு இல்லை என்று. பெரும்பாலும் நண்பர்கள் மனமுவந்து செய்வார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் வெகுமதிப் புள்ளி கார்டுக்காரருக்குப் போகும், நன்றிக்கடன் கேட்டவர் தலையில் நிற்கும். "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வி கல்லூரியில் முதல் நாள் கேட்கப்படும் விதம் நமக்குத் தெரியும். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் அதுவே வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் விட எரிச்சலூட்டுவது, இதே கூட்டத்தில் பலர் 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பது. தமிழ்நாட்டில் 2011இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது எழுந்த கேலிகளை நினைத்துப் பாருங்கள். 'படம் பார்ப்பார்கள்', 'விற்றுவிடுவார்கள்', 'வரிப்பணம் வீண்'. 2022இல் பிரதமரே 'ரேவடி கலாச்சாரம்' என்று சொல்லி அதற்குத் தேசிய முத்திரை குத்தினார். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோதும் அதே பல்லவி. அரசு கொடுத்தால் பிச்சை, வங்கி கொடுத்தால் ஆஃபர். அரசு மடிக்கணினி அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டதில்லை என்பதுதான் இவர்களுக்கு உறுத்துகிறதோ என்னவோ.

அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலில், சென்னை ஐஐடியை மையமாக வைத்து, தலைமுறைகளாகச் சேர்ந்த சாதி வசதிகள் எப்படித் தனிமனிதத் 'தகுதி'யாக உருமாறுகின்றன என்று விரிவாகக் காட்டியிருப்பார். தகுதியும் இப்படி அடுக்கப்பட்ட ஒன்றுதான். வீட்டில் ஆங்கிலம், அதன்மேல் தனியார் பள்ளி, அதன்மேல் பயிற்சி மையம், அதன்மேல் வழிகாட்டும் மாமா. கடைசியில் வரும் மதிப்பெண்ணுக்கு மட்டும் 'என் உழைப்பு' என்று பெயர். இடஒதுக்கீட்டில் வந்தவரிடம்தான் ரசீது கேட்கப்படும்.

அதற்காக, சலுகையே வேண்டாம் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? கிடைப்பதை எல்லாம் எடுக்க வேண்டும், வெட்கமில்லாமல் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கணக்கு தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் வட்டி மறைந்துதான் இருக்கிறது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டிவிட்டுத் தவணையில் அதை வாங்கிக்கொள்வார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கேஷ்பேக் என்பது பணமாக வருகிறதா, காலாவதியாகும் புள்ளிகளாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சலுகையை அடுக்குவதற்காக உடனடிக் கடன் செயலிக்குள் மட்டும் போகவே கூடாது. தவணை ஒரு நாள் தவறினால் அடுக்கு முழுவதும் சரிந்துவிடும்.

கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. நிரல் எழுதுபவர்களுக்கு கிட்ஹப் தரும் மாணவர் தொகுப்பு உட்படப் பல சலுகைகளுக்கு அடையாள அட்டையோ சேர்க்கைச் சான்றோ படமெடுத்துக் கொடுத்தாலும் போதும். அட்டையில் பெயர், கல்லூரி, நடப்புக் கல்வியாண்டு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். நம் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் அட்டையில் கல்வியாண்டை மையால் எழுதி, அது முதல் மழையிலேயே அழிந்துபோகும். அப்படியானால் அலுவலகத்தில் படிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் விஷயத்தைத் தனிநபர் சாமர்த்தியத்துக்கு விடவும் கூடாது. ஒரு மாணவருக்கு நிறுவன மின்னஞ்சல் என்பது தள்ளுபடிக்கு மட்டுமானதல்ல. ஆய்விதழ்களைப் படிக்க, மென்பொருள் பெற, கருத்தரங்குக்கு விண்ணப்பிக்க எல்லாவற்றுக்கும் அதுதான் நுழைவுச் சீட்டு. ஐஐடி மாணவருக்குச் சேர்ந்ததும் கிடைப்பது, அரசுக் கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படிக்கும் முதல் தலைமுறை மாணவிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? மாணவர் அமைப்புகளில் இருக்கும் தோழர்கள் இதை ஒரு கோரிக்கையாக எழுதலாம். சேர்க்கை நாளன்றே மின்னஞ்சல் முகவரி, ஆண்டு அச்சிடப்பட்ட அடையாள அட்டை, கல்வியாண்டு தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் உதவித்தொகை. மூன்றையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, முதல்வருக்கும் கல்லூரிக் கல்வி ஆணையருக்கும் கொடுக்க இந்தப் பருவத் தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.