வேறு வழியாய்த் திரும்பினர்



தவக்காலத்தில் நம் பங்கில் மூன்று நாள் தியானம் நடைபெற்றது. இறுதி நாளன்று, பல்லாண்டுகளாய்க் கோவில் வாசலை மிதியாத ஒருவர், இனிக் குடிப்பதில்லை என்று சபையறியப் பீடத்தின் முன் வாக்களித்தார். நாமும் மனமகிழ்ந்து, நன்றாகச் செபிக்கும்படி சொல்லி அனுப்பினோம். பத்தாம் நாளே மீண்டும் குடித்தார். அவருடைய மனைவி வந்து கேட்ட கேள்வி இன்றும் நம் நெஞ்சில் தைக்கிறது: “சாமி, செபிக்கச் சொன்னீர்கள். எந்த வழியாக வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லவில்லையே!” அவர் ஆலையிலிருந்து திரும்பும் தெருவில்தான் மதுக்கடை, அதன் வாசலில்தான் பழைய கூட்டாளிகள்.

இத்தகைய வீழ்ச்சி புதிதன்று. புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸ், கார்த்தேஜ் நகரில் பந்தய ஆட்டங்களில் மதியிழந்திருந்தார். அகுஸ்தினார் பாடத்தினிடையே சொன்ன ஒரு சொல் உறைக்கவே, அவற்றை அறவே விட்டார். பின்னர் உரோமையில் நண்பர்கள் அவரை வாட்போர் அரங்கிற்கு வலிந்து இழுத்துச் சென்றனர். கண்களை மூடிக்கொண்டால் போதும் என்று எண்ணி அமர்ந்தார். கூட்டத்தின் பேரிரைச்சல் கேட்டுக் கண் திறந்தார், குருதியைக் கண்டார், அக்கொடுமையிலே களித்தார். பின்பு பிறரையும் அழைத்துச் செல்பவரானார். அவர் செய்த உறுதி பொய்யன்று. தம் வலிமையை நம்பி அவர் அமர்ந்த இடமே தவறு. ஆயினும் கி.பி. 387இல் மிலான் நகரில் அகுஸ்தினாருடன் அவரும் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் தகாஸ்தே நகரின் ஆயருமானார். விழுந்தவர் எழக்கூடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மனஸ்தாப மந்திரத்தில் பாவத்தை மட்டுமன்று, பாவத்திற்கு இட்டுச்செல்லும் சந்தர்ப்பங்களையும் விலக்குவதாக வாக்களிக்கிறோம். முன்னதை உருகிச் சொல்கிறோம். பின்னதை விரைந்து சொல்லி முடித்துவிடுகிறோம். அச்சந்தர்ப்பம் எல்லாருக்கும் மதுக்கடையன்று. ஒருவருக்குச் சீட்டாடும் நண்பர். ஒருவருக்கு நள்ளிரவில் கையிலிருக்கும் கைபேசி. ஒருவருக்குப் புறங்கூறும் திண்ணை. நமக்குரியது எது என்பதை நம் மனச்சாட்சி அறியும். ஆகவே நல்ல தீர்மானம் செய்தவர், அதைக் காக்க எந்த இடத்தை, எந்த வேளையை, யாருடைய கூட்டுறவை விடவேண்டும் என்பதையும் அன்றே தீர்மானிக்கட்டும்.

இதில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. அம்மனிதரின் மகன் இப்போது வேலை முடியும் நேரத்தில் ஆலைவாசலில் மிதிவண்டியோடு காத்து நிற்கிறான். தந்தையும் மகனும் குளக்கரை வழியே சுற்றிக்கொண்டு வீடு சேர்கின்றனர். இடையில் ஒருமுறை தவறினார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் மறுநாளே எழுந்து வந்தார். மகனும் வழக்கம்போல் வாசலில் நின்றான்.

பெத்லகேமில் பாலனைத் தொழுத ஞானிகள், ஏரோதிடம் திரும்பாமல் வேறு வழியாய்த் தங்கள் நாடு சென்றதாக மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆண்டவரைக் கண்ணாரக் கண்டவர்களுக்கே வழியை மாற்ற வேண்டியிருந்தது. நமக்கு வேண்டாமா?