பெயருக்கு விலை பேசுதல்: இணைய முகவரி விற்பனையும் மார்க்க வரம்பும்



வடகரையில் நெல்லுக்கும் தேங்காய்க்கும் மாங்காய்க்கும் விலை பேசத் தெரியாதவர் இல்லை. தோப்புக் குத்தகைக்காரர்கள், மரம் பூத்திருக்கும்போதே காய்க்கு விலை பேசிவிடலாமா என்று கேட்டு மதரஸா வாசலுக்கு வருவதுண்டு. அதற்கு ஃபிக்ஹ் நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. அண்மையில் வந்த கேள்விக்கு அப்படியொரு பாடத் தலைப்பு கிடையாது. எம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் குற்றாலம் மலைப்பகுதியின் தேன், கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றை இணையத்தின் வழியே விற்று வருகிறார். ஊர்ப் பெயரையும் சரக்கின் பெயரையும் இணைத்து ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டணம். இப்போது பெருநகரத்து மசாலா நிறுவனம் ஒன்று அந்த முகவரியை விலைக்குக் கேட்கிறது. அவர்கள் முதலில் சொன்ன தொகை 15,000 ரூபாய்.

“ஹஜ்ரத், எவ்வளவு கேட்கலாம்? கூடுதலாகக் கேட்டால் அது பேராசையாகிவிடுமா? வேறொருவர் 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை போட்டால் விலை ஏறும், சொல்லலாமா?” என்பவை அவருடைய கேள்விகள். இன்று நம் பிள்ளைகள் பலர் இணையத்தில் தொழில் செய்கின்றனர். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே அவருக்குச் சொன்னதை விரிவாக எழுதுவது பயன் தரும்.

முதலில், கைக்கு அகப்படாத ஒரு பெயர் விற்கத்தக்க பொருளா? பெயருக்கு மதிப்பு உண்டென்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் முன்பு அட்வென்ட்நெட் என்றே அறியப்பட்டது. தான் உருவாக்கிய மென்பொருளின் பெயர் தன் பெயரைவிடப் பெரிதாக வளர்ந்தபின், 2009இல் அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. மார்க்க அறிஞர்களும் இதைக் கவனித்தே இருக்கின்றனர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வணிகப் பெயர், வணிகச் சின்னம் போன்றவை உரியவருக்குச் சொந்தமான, பணமதிப்புடைய உரிமைகள் என்று தீர்மானித்தது. மோசடியும் தெளிவின்மையும் இல்லாவிடில் அவற்றைப் பொருளுக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்றும் கூறியது. இணைய முகவரியும் இந்த வகையைச் சேர்ந்ததே என்பது எம் கருத்து. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் ‘சிஃபி’ என்ற பெயர் பற்றிய வழக்கில், 2004இல், இணைய முகவரிக்கு வணிகச் சின்னத்தின் இயல்புகள் உண்டென்று ஏற்றுக்கொண்டது.

ஆனால் விற்கலாம் என்பதால் எவரும் எதையும் விற்கலாம் என்று ஆகாது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். இதற்கு மிக நெருங்கிய முன்னோடி, தரிசு நிலம் பற்றிய சட்டமே என்று எனக்குத் தோன்றுகிறது. எவருக்கும் சொந்தமில்லாத நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. உயிர்ப்பிக்காமல் நான்கு மூலையிலும் கல் நட்டு வேலியிட்டு வைப்பதை ஃபிக்ஹில் ‘தஹ்ஜீர்’ என்பர். அவ்வாறு வேலியிட்டவருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் உரிமையில்லை என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் எடுத்துரைக்கிறார்கள். பிலால் இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே வழங்கிய அகீக் பள்ளத்தாக்கு நிலத்தில், அவரால் பண்படுத்த முடிந்ததை அவரிடம் விட்டுவிட்டு எஞ்சியதை உமர் (ரலி) திரும்பப் பெற்று மக்களுக்குப் பங்கிட்டார்கள். வழங்கியவர் யார் என்பதுகூட வேலிக்கு வலுச் சேர்க்கவில்லை.

இணைய முகவரியும் முதலில் வந்து கேட்பவருக்கே கிடைக்கிறது. அதில் தொழில் செய்து, வாடிக்கையாளரைச் சேர்த்து, நற்பெயரை வளர்த்தவர் நிலத்தை உழுதவரைப் போன்றவர். நாளை இன்ன நிறுவனத்துக்கு இந்தப் பெயர் தேவைப்படும், அன்று அவர்கள் நம் வாசலுக்கு வந்தே தீர வேண்டும் என்று கணக்கிட்டு முடக்கி வைத்தவர் கல் நட்டவர் மட்டுமே.

2024 அக்டோபரில் நாடே பேசிய ஜியோஹாட்ஸ்டார் விவகாரம் நினைவிருக்கலாம். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒருநாள் இணையக்கூடும் என்று ஊகித்த தில்லி இளைஞர் ஒருவர், அவ்விரு பெயர்களையும் சேர்த்து 2023இலேயே இணைய முகவரியைப் பதிவு செய்துகொண்டார். இணைப்பு நெருங்கியபோது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாம் படிப்பதற்கான கட்டணத்தை, அதாவது 93,345 பவுண்டு, ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயை, ரிலையன்ஸ் நிறுவனம் தந்தால் முகவரியைக் கொடுத்துவிடுவதாக அறிவித்தார். நிறுவனம் மறுத்தது. பின்னர் அந்த முகவரி துபாயில் வாழும் சிறுவர் இருவரின் கைக்குப் போயிற்று. அவர்கள் இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். கல்விக்காகக் கேட்டார் என்பதால் பலரும் அந்த இளைஞர் பக்கம் நின்றனர். அவர் நிலை கண்டு எனக்கும் இரக்கம் உண்டு. ஆயினும் அந்தப் பெயரின் மதிப்பில் அவர் உழுது விளைவித்தது ஒரு பிடியும் இல்லை. இரண்டும் பிறர் வளர்த்த பெயர்கள். நோக்கம் கல்வியாக இருப்பது, கேட்கும் தொகைக்கு உரிமையை உண்டாக்காது. செலவழித்த பதிவுக் கட்டணத்தைப் பெற்றுக்கொள்வது நியாயம். அதற்கு மேல் அந்தப் பெரிய நிறுவனம் மனமுவந்து உதவியிருந்தால் அது அவர்களின் பெருந்தன்மை.

உலகச் சட்டமும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் வகுத்த விதிகளின்படி, சின்னத்துக்கு உரியவரிடமோ அவருடைய போட்டியாளரிடமோ, பதிவுச் செலவை மிஞ்சிய தொகைக்கு விற்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பதிவு செய்வது தீய எண்ணத்தின் சான்று. எதிர்ப்புறத்தில் அமெரிக்காவின் நிசான் என்பவரைப் பாருங்கள். நிசான் அவருடைய குடும்பப் பெயர். தம் கணினித் தொழிலுக்காக 1994இல் அப்பெயரில் முகவரி பதிந்தார். கார் நிறுவனம் 1999இல் வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தும் முகவரி அவரிடமே நிலைத்தது. சொந்தப் பெயர், சொந்தத் தொழில், எந்த வேலியும் இல்லை.

இடையே ஒரு சொல். முதலீடு என்று கருதி ஐம்பது, நூறு பெயர்களை வாங்கிக் கிடத்தி வைத்திருக்கும் சகோதரர்கள் உண்டு. பிறர் பெயரோடு மோதாத பொதுச் சொற்களாயின் அதைத் தடுக்க எனக்குச் சான்று இல்லை. ஆனால் விற்பதற்கென்றே வாங்கியவை வணிகச் சரக்கு. ஆண்டுதோறும் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு இரண்டரை சதவீதம் ஜகாத் கொடுக்க வேண்டும். வாங்க வருபவரிடம் ஐந்து லட்சம் மதிப்பென்று வாதாடும் பெயர், ஜகாத் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஆகிவிடக் கூடாது.

நம் இளைஞரோ உழுதவர். எனவே விலை பேச அவருக்கு முழு உரிமை உண்டு. பேரம் பேசுவது இழிவன்று. ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களே விலை பேசி வாங்கினார்கள். இலாபத்துக்கு ஷரீஅத் இத்தனை சதவீதம் என்று எல்லை வகுக்கவும் இல்லை. ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் பெற்றுச் சென்ற உர்வா அல்பாரிகீ (ரலி), அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தபோது, அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாக நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்ததாக புகாரியில் உள்ளது. நூறு சதவீத இலாபம் அங்கே கடிந்துகொள்ளப்படவில்லை.

ஆகவே அவரைக் கணக்குப் போடச் சொன்னேன். ஆறு ஆண்டுக் கட்டணம், பெயர் அச்சிட்ட புட்டிகளும் அட்டைப் பெட்டிகளும், புதிய முகவரியைப் பழைய வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் செலவு, ஒரு சீசன் விற்பனையில் ஏற்படக்கூடிய இழப்பு, இவற்றுக்கு மேல் பெயருக்காக ஒரு தொகை. எல்லாம் சேர்ந்து 1,40,000 ரூபாய் வந்தது. “இதற்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது” என்று அவர் சொன்னால் அது உண்மையான சொல். 1,80,000 என்று தொடங்கி இறங்கி வருவதும் பேரத்தின் வழக்கமே, பொய்யன்று. ஏனெனில் அது கேட்கும் விலை மட்டுமே.

இல்லாத மூன்றாமவரைக் கொண்டுவருவது வேறு. வாங்கும் எண்ணமில்லாத ஒருவன் விலையை ஏற்றிவிடுவதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அங்கே ஓர் ஆளாவது சந்தையில் வந்து நிற்கிறான். இங்கே ஆளும் இல்லை, சொல் மட்டும் இருக்கிறது. கூட்டாளி ஒருவரின் மின்னஞ்சலிலிருந்து கூடுதல் விலைக்குக் கேட்பதுபோல் எழுத வைத்து, அதை எடுத்துக் காட்டுவதும் நஜ்ஷேதான். வாங்குபவர் முஸ்லிமல்லாத நிறுவனம்தானே என்பது பதிலாகாது. பொய்க்கு மத அடிப்படையில் விலக்கு எதுவும் இல்லை.

வாங்குவோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மில் கடை வைத்திருப்போர் நாளை அந்தப் பக்கம் நிற்பார்கள். பெரிய நிறுவனங்கள் தம் பெயரை மறைத்துத் தரகர் வழியாகக் கேட்பது வழக்கம். தான் யார் என்று சொல்லாமல் இருப்பது குற்றமன்று. “நான் மாணவன், பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கிறேன்” என்று எழுதுவது பொய். ஊருக்கு வெளியே சென்று வணிகக் கூட்டத்தாரை மறித்து, சந்தை நிலவரம் அறியாத அவர்களிடம் மலிவாக வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை அளித்ததும் எதற்காக என்று எண்ணிப் பார்க்கலாம். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உங்கள் குதிரை இதைவிட மதிப்புடையது என்று விற்பவரிடம் கூறி, தாமே நூறு நூறாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியிடம் உறுதிமொழி அளித்திருந்ததே அதற்குக் காரணம். இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் இதைக் குறிப்பிடுகிறார்கள். இந்த அளவு நம்மால் இயலாமல் போகலாம். ஆனால் அவமதிக்கும் விலை கேட்காமல் இருப்பது இயலும். மைக் ரோ என்ற பதினேழு வயதுக் கனடிய மாணவர் தம் பெயரோடு ‘சாஃப்ட்’ சேர்த்து 2003இல் ஓர் இணைய முகவரி வைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்குக் கொடுக்க முன்வந்தது 10 டாலர். சினங்கொண்ட மாணவர் 10,000 கேட்டார். அந்தத் தொகையே அவருடைய எண்ணம் தீயது என்பதற்குச் சான்றாக நிறுவனத்தால் காட்டப்பட்டது. ஊடகங்கள் கொதித்தெழுந்தபின், 2004 ஜனவரியில் சமாதானமாயிற்று. 10 டாலரில் தொடங்காதிருந்தால் 10,000 வந்திராது.

விலை படிந்தபின் கைமாற்றத்திலும் கவனம் வேண்டும். பதிவு காலாவதியாகிவிட்ட முகவரியை விற்பது, கையில் இல்லாததை விற்பதாகும். பணம் ஒருவரிடமும் பெயர் ஒருவரிடமும் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. ஆகையால் இரு தரப்பும் ஏற்கும் நடுவர் ஒருவரிடம் பணத்தை அமானத்தாக வைத்து, பெயர் வாங்குபவரின் கணக்குக்கு வந்தபின் விடுவிப்பதே நல்லது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண் பட்டியலும் சேர்த்துக் கேட்கப்பட்டால் கொடுக்க வேண்டாம் என்றேன். அவை நம்பி ஒப்படைக்கப்பட்டவை, விற்பனைக்குரியவை அல்ல.

நம் இளைஞருக்கு இன்னொரு விருப்பமும் இருந்தது. குற்றாலச் சீசன் முடியும்வரை அந்த முகவரியைத் தாமே பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது. ஜாபிர் (ரலி) அவர்களும் ஒட்டகத்தை விற்றபோது மதீனா சேரும்வரை அதில் ஏறிச் செல்ல நிபந்தனை பேசிக்கொண்டார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அதை ஆதாரமாகக் கொண்டு இத்தகைய நிபந்தனையை அனுமதிக்கிறார்கள். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் அது விற்பனையைப் பழுதாக்கும். நம் பகுதியில் இவ்விரு மத்ஹபாரே பெரும்பான்மை என்பதால், இப்போது வாக்குறுதி மட்டும் எழுதிக்கொண்டு, சீசன் முடிந்தபின் ஒரு தேதியில் விற்பனை ஒப்பந்தத்தைச் செய்யும்படி கூறியிருக்கிறேன். நிறுவனத்தின் பதிலுக்காக அவர் காத்திருக்கிறார். வல்லாஹு அஃலம்.