குழாயைத் திருப்பினால் குதிரைத்திறன் கூடுமா?

ஸ்கூடாயில் படித்தவர்களுக்குப் பட்டறைப் பேச்சு புதிதல்ல. விரிவுரை முடிந்து, தேநீர்க் கடையில் நான்கு பேர் கூடினால் ஐந்தாவதாக ஒரு காடியும் பேச்சுக்குள் வந்துவிடும். அப்படியொரு மாலையில்தான் அந்த ஆலோசனை எனக்கும் கிடைத்தது. "துரோட்டல் பாடிக்குப் போற சுடுதண்ணிக் குழாய பைபாஸ் பண்ணிடு தம்பி. காடி பறக்கும்!"

அப்பா கொடுத்த பழைய புரோட்டோன் வீரா என்னிடம் இருந்தது. செலவோ மிகக் குறைவு: ஒரு துண்டு ரப்பர்க் குழாய், இரண்டு கிளிப். செய்துவிட்டேன். செய்து பட்டவன் என்ற உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். இயந்திரத்துக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வாயில்தான் துரோட்டல் பாடி. பல காடிகளில் இயந்திரத்தைச் சுற்றிவரும் குளிர்விப்பு நீரின் ஒரு சிறு கிளை இதன் வழியாகவும் ஓடுகிறது. இயந்திரம் சூடேறியபின் அந்த நீரின் வெப்பம் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். "சுடுதண்ணி காற்றைச் சூடாக்குகிறது; சூடான காற்றில் அடர்த்தி குறைவு; அடர்த்தி குறைந்தால் சக்தியும் குறையும்" என்பது பைபாஸ் செய்யச் சொல்பவர்களின் வாதம்.

இந்த வாதத்தின் அடிப்படை சரிதான். 30 டிகிரி காற்றை 3 டிகிரி குளிரவைத்தால் அடர்த்தி ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். ஆனால் துரோட்டல் பாடி காற்றை எத்தனை டிகிரி சூடாக்குகிறது? அதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.5 லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது, வினாடிக்குச் சுமார் 75 லிட்டர் காற்றை இழுக்கும். துரோட்டல் வாயிலின் விட்டம் 5 சென்டிமீட்டர், நீளமும் ஏறக்குறைய அவ்வளவே என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதைக் கடக்க ஒன்றரை மில்லிவினாடிகூட ஆகாது. கோயிலில் கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, கை சுடுகிறதா? அதே கதைதான். நமது வெப்பப் பரிமாற்றப் பாட நூலிலுள்ள சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால், காற்றின் வெப்பம் 1 டிகிரிகூட ஏறுவதில்லை.

அந்த ஒரு டிகிரியை முழுவதுமாக மீட்டாலும் லாபம் 0.3 விழுக்காடு. 90 குதிரைத்திறன் வண்டியில் அது கால் குதிரை! ஒரு டன் எடையுள்ள காடியின் பின்பெட்டியிலிருந்து மூன்று கிலோ சாமானை இறக்கி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும்.

மெதுவாக ஓட்டும்போது காற்று சற்று நிதானமாகப் போகும், கூடுதலாகச் சூடேறும் என்பது உண்மை. ஆனால் அப்போது நமக்கு முழுச் சக்தி தேவையில்லையே! மிதியை இன்னும் சற்று அழுத்தினால் போதும்.

"இல்லை, எனக்கு வேகம் கூடியது நன்றாகத் தெரிந்தது" என்பார்கள் நண்பர்கள். எனக்கும் தெரிந்தது. வேலையை முடித்து, சாலை காலியான நள்ளிரவில் ஓட்டிப் பார்த்தேன். ஜொகூரில் மதியம் 32 டிகிரி என்றால் நள்ளிரவில் 25 டிகிரி வரை இறங்கும். அந்த 7 டிகிரியே இரண்டு விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தியைக் கூட்டிவிடும். இரவு கொடுத்த பரிசுக்கு நான் ரப்பர்க் குழாய்க்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்!

அப்படியானால் அந்தக் குழாயை ஏன் வைத்தார்கள்? குளிர்நாடுகளில் ஈரக்காற்று துரோட்டலின் குறுகிய இடைவெளியில் பாயும்போது மேலும் குளிர்ந்து, பனிக்கட்டியாக உறைந்து, வாயிலையே அடைத்துவிடக்கூடும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சூடு. பூஜ்யம் டிகிரியைக் காணாத ஜொகூருக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை என்று வாதிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வீராவைப் போன்ற காடிகளில் அந்த நீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இயந்திரம் சூடேறிவிட்டது என்பதை ஒரு மெழுகு வால்வுக்கு அதுதான் உணர்த்துகிறது. சூடு எட்டாவிட்டால் வால்வு மூடாது. வண்டி நிற்கும்போதும் இயந்திரம் வேகமாகச் சுற்றிப் பெட்ரோலைக் குடிக்கும். என் காடி அப்படித்தான் குடித்தது.

அதோடு முடியவில்லை. தீபாவளிக்குச் சிகாமட்டுக்குப் போகும் வழியில், ஆயர் ஈத்தாமுக்கு அருகே நெடுஞ்சாலையில் அந்தப் புதுக் குழாய் கழன்றது. சூட்டு முள் ஏறியதை நான் கவனிக்கவில்லை. ஆவி கிளம்பியபோது காலம் கடந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிற்று. அந்தப் பருவத்துக் கல்விக் கடனில் பெரும்பகுதி பழுதுபார்ப்பில் கரைந்தது.

அப்பா திட்டவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிப்பா, எவ்வளவு வேகம் கூடுச்சு?" என்றார். பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அளந்து பார்த்திருந்தால் அல்லவா சொல்ல!

நண்பர்களே, காடியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொட்டுத்தான் பொறியியலைக் கற்க வேண்டும். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வையுங்கள். இயந்திர அறையின் அனலை இழுக்காமல் வெளிக்காற்றை இழுக்கும்படி காற்றுக்குழாய் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களில் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் எதையாவது மாற்ற வேண்டுமானால், ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒரே சுமையோடு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டி, வெப்பத்தையும் நேரத்தையும் தாளில் குறித்து வையுங்கள். பிறகு பழையபடி மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள்.

யார் சொன்னாலும் அதன் உண்மையைத் தேடுவதே அறிவு என்று வள்ளுவர் சொன்னதை மேடைகளில் முழங்குகிறோம். பட்டறையில் நிற்கும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். அடுத்த முறை யாராவது "காடி பறக்கும்" என்றால், என் அப்பாவின் ஒற்றைக் கேள்வியைக் கேளுங்கள்: எவ்வளவு?