தறிக்காரர் காதுக்கும் கணக்கு வேண்டும்

சத்திரப்பட்டியில் விசைத்தறிக் கொட்டகைகளுக்குள் நுழைவோர், பேச்சை விட்டுக் கையால் ஜாடை காட்டத் தொடங்குகின்றனர். மருத்துவமனைகளுக்குச் செல்லும் கட்டுத்துணி அங்கே நெய்யப்படுகிறது. அதை நெய்கிறவரின் காதில் உண்டாகும் காயத்தை எவரும் பார்ப்பதில்லை. ‘தறிக்காரருக்குக் காது மந்தந்தான்’ என்று வீட்டாரே சிரித்துவிட்டுப் போகின்றனர். இதைத் தொழிலின் இயற்கை என்று ஒப்புக்கொள்ள நாம் தயாராக இல்லை.

இச்செய்தி புதியதன்று. செம்பு தட்டும் கன்னார்களுக்குக் காது கேளாமற் போவதை இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1713-இல் எழுதிவைத்தார். கிளாஸ்கோவில் டாக்டர் தாமஸ் பார் 1886-இல் கொதிகலன் செய்யும் தொழிலாளரைச் சோதித்து அதையே கண்டார். இரும்புப் பட்டறையில் சம்மட்டி செய்வதை நம் கொட்டகையில் நாடா செய்கிறது. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அது அடிபட்டு எதிர்ப்பெட்டியில் மோதுகிறது. பல தறிகள் சேர்ந்து ஓடுமிடத்தில் ஒலி 95 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெலே எல்லை என்பது நிபுணர் பலரின் கருத்து. பத்து டெசிபெல்தானே அதிகம் என்று எண்ணலாகாது. பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது.

உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சொலிகள். குழந்தை கூப்பிடுவது கேட்கும். என்ன சொல்லிற்று என்பது விளங்காது. வேலை விட்டு வந்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கை. ராஜபாளையம் மில் 1936-இல் தோன்றிய இவ்வட்டாரத்தில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அதைக் காதில் அடைத்துக்கொண்டு நிம்மதியடைவோரும் உளர். வெறும் பஞ்சு தடுப்பது மிகச் சொற்பம். இதற்கென்றே செய்த செவியடைப்பான் வேண்டும்; தேய்ந்த பற்சக்கரமும் தளர்ந்த மரைகளும் உடனுக்குடன் பழுது பார்க்கப்பட வேண்டும்.

இரைச்சலால் வரும் செவிக்குறை, நஷ்ட ஈட்டுக்குரிய தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆயினும் கேட்கப் போனால், ‘வயதினால் வந்தது’ என்ற பதில் வரக்கூடும். வேலையில் சேர்ந்த நாளில் காது எப்படியிருந்தது என்பதற்குச் சான்று இல்லாதவர் என்ன சொல்வார்? நாலு தறிக் கொட்டகையின் நிலைமை இன்னும் மோசம். ஆள் கணக்குப் பார்க்கும் தொழிற்சாலைச் சட்டம் அதன் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறி அங்கத்தினர்கள், ‘எங்களுக்கென்ன?’ எனலாம். அவர்கள் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று பார்க்கட்டும். டிராக்டரும் கதிரடிக்கும் யந்திரமும் ஓட்டும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே நாம் கோருவது இது: விசைத்தறிக்கோ ஆலைக்கோ செல்லும் ஒவ்வோர் இளைஞரின் காதையும் முதல் மாதத்திலேயே கருவி கொண்டு சோதித்து, பிறகு ஆண்டுக்கொருமுறை சோதித்து, அந்தச் சீட்டின் நகலைச் சங்கத்தில் வைத்திருக்க வேண்டும். லாபத்தில் பொது நன்மைக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து இச்செலவைச் செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர் எவரேனும் முன்வந்தால், நாம் வழிமொழிவோம்.