பம்ப் மேல் பழி போடாதீர்கள்!

கம்ப்யூட்டர் இதழில் கார் இன்ஜினைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பழைய கேபினட்டில் புது மதர்போர்டு போட்டவர்கள் படும் அவஸ்தையைத்தான், பழைய காரில் வேறு இன்ஜின் போட்டவர்களும் படுகிறார்கள். இரண்டிலும் கரைவது நம் பணம்.

முசிறியில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு பழைய கார்புரேட்டர் கார் உண்டு. இன்ஜின் தேய்ந்து புகை தள்ளியது. சில ஆண்டுகளுக்கு முன், விபத்தில் நொறுங்கிய ஒரு புதிய மாடல் காரிலிருந்து எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை வாங்கி மாற்றினார். ஊருக்குள் நன்றாகவே ஓடியது. பத்தாவது நாள், சித்தியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு குளித்தலைக்குக் கிளம்பினார். காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரி. டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால் தப்பித்தார்கள்.

"பெட்ரோல் வரவில்லை, பம்ப் போய்விட்டது" என்றார் மெக்கானிக். புது பம்ப் போட்டார்கள். நான்கு நாளில் மீண்டும் நின்றது. பம்ப் டூப்ளிகேட் என்று இன்னொன்று வாங்கினார்கள். பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கடைசியில் "ஈ.சி.யு. அவுட்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் 14 ஆயிரம் ரூபாய் போயிருந்தது.

இங்கே கொஞ்சம் அடிப்படை. கார்புரேட்டர் வண்டியில், இன்ஜினோடு சேர்ந்த சிறிய மெக்கானிக்கல் பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். அதன் அழுத்தம் அரை பார்கூட இருக்காது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்கோ சுமார் 3 பார் வேண்டும். அதற்கு டேங்கிற்குள் எலக்ட்ரிக் பம்ப், அழுத்தம் தாங்கும் ஹோஸ், பல மாடல்களில் மிச்ச பெட்ரோல் டேங்கிற்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஈ.சி.யு. என்ற குட்டிக் கம்ப்யூட்டர் என ஒரு பட்டாளமே தேவை. மாருதி 800 கூட 1983-இல் கார்புரேட்டரோடுதான் வந்தது. 2000-இல்தான் அதற்கு எம்.பி.எஃப்.ஐ. கிடைத்தது. இடையில் மாறியது இன்ஜின் மட்டுமல்ல, பெட்ரோல் வரும் வழி முழுவதும்.

சாவியைத் திருப்பியதும் ஈ.சி.யு. பம்பை இரண்டு மூன்று விநாடிகள் ஓட்டி நிறுத்திவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் மீண்டும் ஓட்டும். விபத்தில் ஹோஸ் அறுந்தால் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக்கூடாது அல்லவா? ஆகவே சென்சார் ஒயர் விட்டுப்போனாலும் பம்ப் ஓடாது. பழைய காரின் இம்மொபிலைசர் பொருந்தாவிட்டாலும் ஈ.சி.யு. இன்ஜினை ஓடவிடாது. நாமோ "பம்ப் போச்சு" என்போம்.

சித்தப்பாவின் காரை, ஈ.சி.யு. வாங்கும் முன், ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். அவர் எதையும் கழற்றவில்லை. பிரஷர் கேஜை மாட்டி, மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜினை இருபது நிமிடம் ஓடவிட்டார். முதலில் சரியாக இருந்த அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. அப்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பம்பின் முனைகளில் 9.4 வோல்ட்தான். பம்பிற்குப் பின்னால்வரை மெல்லிய ஒயர் இழுத்திருந்தார்கள். எர்த்தை நம்பர் பிளேட் விளக்கின் துருப்பிடித்த ஸ்குரூவில் கட்டியிருந்தார்கள். சூடு ஏற ஏற, பம்பிற்குப் போகும் மின்சாரம் குறைந்தது. ரிலேயிலிருந்து தடித்த ஒயர், பாடியில் சுரண்டிப் பிடித்த தனி எர்த். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கேம் ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ராம் மாற்றுவோம், விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வோம். கடைசியில் குற்றவாளி பழைய எஸ்.எம்.பி.எஸ். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். வேலை கொடுத்தால் படுத்துவிடும்.

ஆகவே வரிசை முக்கியம். சாவியைத் திருப்பியதும் பின் சீட் பக்கம் பம்ப் சத்தம் வருகிறதா? வராவிட்டால் முதலில் ஃபியூஸ், ரிலே, ஒயர், இம்மொபிலைசரைப் பாருங்கள். ஓடும்போது அழுத்தமும் வோல்ட்டேஜும் சேர்ந்து இறங்கினால் ஒயரிங். வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் அழுத்தம் இறங்கினால் ஃபில்டர், பம்ப், ஹோஸ். டேங்கில் பெட்ரோல் குறைந்து வளைவில் மட்டும் திணறினால், பழைய டேங்கில் பம்ப் காற்றை இழுக்கிறது. இரண்டும் சரி என்றால்தான் இன்ஜெக்டர், சென்சார், ஈ.சி.யு. ஒரு எச்சரிக்கை: கேஜ் மாட்டும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். 3 பார் அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும்.

இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முறைப்படி பதிய வேண்டும். ஆர்.சி.யில் ஒரு எண்ணும் இன்ஜினில் வேறு எண்ணும் இருந்தால், இன்சூரன்ஸ் கேட்கும்போது தலைவலி.

இனி என் கருத்து. அந்த எலக்ட்ரீஷியன் சோதனைக்கு 500 ரூபாய் கேட்டபோது சித்தப்பா, "பார்த்ததற்கே ஐந்நூறா?" என்றார். இரண்டு பம்புகளுக்கு முணுமுணுக்காமல் கொடுத்தவர் அவர்! குறை அவரிடம் மட்டுமல்ல, நம் எல்லோரிடமும் இருக்கிறது. பொருளுக்குப் பணம் தருவோம், கண்டுபிடித்ததற்குத் தரமாட்டோம். அப்படி இருந்தால் மெக்கானிக் ஏன் மீட்டரை எடுக்கப் போகிறார்? பொருளை மாற்றினால்தானே அவருக்குக் கூலி! கம்ப்யூட்டர் சர்வீஸிலும் இதே கதைதான்.

அடுத்த முறை காரோ கம்ப்யூட்டரோ மக்கர் செய்தால், "என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். அளந்து சொன்னவருக்குக் கூலியை மனதாரக் கொடுங்கள். பாலத்தின் நடுவில் நிற்பதைவிட அது மலிவு.