மறைப்பதற்கன்று, காப்பதற்கே உறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு பொது வீதியில் நடமாடுவது இன்று சாதாரணக் குடிமகனின் உரிமையாகிவிட்டது. 2024ஆம் ஆண்டின் முடிவில், அந்நாட்டின் 50 மாநிலங்களுள் 29 மாநிலங்களில் அதற்கு அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டிருந்தது. துப்பாக்கியை வாங்கியவர் அடுத்துக் கேட்கும் கேள்வி, அதனை எந்த உறையில் இட்டு இடுப்பில் செருகுவது என்பதாகும். செருப்பையும் இடுப்புப் பட்டியையும் தெரிந்தெடுப்பது போன்ற அற்ப விடயமாக இது தோன்றலாம். ஆனால், அயலில் நிற்பவனின் உயிரும், அணிந்திருப்பவனின் உயிரும், வீட்டிலுள்ள குழந்தையின் உயிரும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியுள்ளன என்பதை நாம் வற்புறுத்த விரும்புகிறோம்.

எங்கோ ஒரு நாட்டவர் அணியும் துப்பாக்கியுறையைப் பற்றி எமது உழவனுக்கும் ஆசிரியனுக்கும் வைத்தியனுக்கும் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். அக்கறை இரு வகையில் உண்டு. எமது பிள்ளைகளும் சகோதரர்களும் அந்நாட்டில் வாழ்கின்றனர். அங்குள்ள அயலவரைப் போல் தாமும் ஆயுதம் வாங்கலாமா என்று எண்ணுவோர் அவர்களுள்ளும் இருப்பர். அன்றியும், மறைத்து வைக்கப்பட்ட ஆயுதத்தை ஒரு சமுதாயம் எவ்வாறு கருத வேண்டும் என்ற கேள்வி எமது மண்ணுக்கும் உரியதே.

முதலில் சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். கெந்தக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் 1813ஆம் ஆண்டிலேயே மறைவாக ஆயுதம் தாங்குவதைத் தடுத்துச் சட்டமியற்றின. நேர்மையுள்ளவன் ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்குவான், மறைப்பவன் சூது கருதியவன் என்பதே அக்காலத்தில் பரவலாக நிலவிய எண்ணம். வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை 2008ஆம் ஆண்டில் ஹெல்லர் வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்ட அமெரிக்க உயர் நீதிமன்றமும், மறைத்துத் தாங்குவதற்கு விதிக்கப்பட்ட தடைகளைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நீதிமன்றங்களுட் பெரும்பாலானவை செல்லுபடியாகுமெனக் கொண்டதை எடுத்துக்காட்டத் தவறவில்லை.

எனினும் காற்று வேறு திசையில் வீசிக்கொண்டிருந்தது. தகுதியுடையோர் கேட்டால் அனுமதி வழங்கியே ஆகவேண்டுமென்று 1987இல் புளோரிடா சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அவ்வழியிற் சென்றன. ஆயுதம் தாங்குவதற்குத் தக்க காரணம் காட்டவேண்டுமென்ற நியூயோர்க் மாநிலத்தின் விதி அரசியலமைப்புக்கு முரணானதென்று 2022ஆம் ஆண்டு யூன் 23ஆந் திகதி புறூன் வழக்கில் அறுவருக்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றக் கட்டளைக்கு உட்பட்டிருப்போரிடம் ஆயுதம் இருக்கலாகாது என்ற சட்டம் செல்லுமென 2024இல் ரஹீமி வழக்கில் எண்மருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மை கூறியது.

ஆகவே, எவர் ஆயுதம் தாங்கலாம் என்பது பற்றி நீதிபதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியுள்ளனர். எவ்வாறு தாங்குவது என்பது பற்றியோ சட்டம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். அங்கு 2021ஆம் ஆண்டில் அனுமதிப்பத்திரத் தேவை நீக்கப்பட்டது. பொது இடத்தில் பிறர் கண்ணிற்படும்படி துப்பாக்கி தாங்குவோர் அதனை உறையில் இட்டிருக்க வேண்டுமென்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. மறைத்து வைத்திருப்பவனுக்கோ அத்தகைய கட்டளை கிடையாது. கண்டு விலகிச் செல்லக்கூடிய ஆயுதத்துக்கு உறை கட்டாயம். காணமுடியாத ஆயுதத்துக்கு உறை அவனவன் விருப்பம்! இது என்ன நியாயம்? நியூ ஜேர்சி மாநிலம் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றிய சட்டத்தில், அனுமதி பெற்றவர் துப்பாக்கியை உறையிலிட்டே உடலில் மறைத்துச் செல்லலாமென்று விதித்தது. மனமிருந்தால் சட்டத்தினால் இதனைச் செய்ய இயலும் என்பதற்கு அதுவே சான்று.

உறையில்லாத ஆயுதம் என்ன செய்யும் என்பதை உலகமறிந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகின்றது. பிளாக்சிக்கோ பரஸ் என்பவர் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரர். 2008 பெப்ரவரியில் தம் அணிக்கு வெற்றி தேடித் தந்தவர். அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் நகரின் களியாட்ட விடுதியொன்றுக்குக் காற்சட்டையின் இடுப்பிற் செருகிய கைத்துப்பாக்கியுடன் சென்றார். துப்பாக்கி நழுவியது, பிடிக்க முயன்றார், வெடித்தது, குண்டு அவருடைய தொடையைத் துளைத்தது. சனக்கூட்டம் நிறைந்த அவ்விடத்தில் வேறொருவர் சாகாதது நற்பேறேயன்றி வேறில்லை. புளோரிடாவிற் பெற்ற அனுமதியும் காலாவதியாகியிருந்தது. 2009ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஓர் உறையும் இறுக்கமான பட்டியும் இருந்திருந்தால் அந்தக் குண்டு வெடித்திராது.

அப்படியாயின் நல்ல உறை எது? அதன் இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கூறுதல் அவசியம்.

முதலாவது, விசையை முற்றாக மூடுவது. ஒஸ்திரியாவிற் பிறந்த குளொக் முதலிய இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில், பெருவிரலால் தள்ளிப் பூட்டும் தனிப் பூட்டு இல்லை. விசை முழுவதும் அழுத்தப்பட்டால் அவை வெடிக்கும். அழுத்துவது விரலா, சட்டையின் ஓரமா, தொங்கும் கயிறா என்று இரும்பு ஆராய்வதில்லை. ஆதலின் விசையையும் அதனைச் சுற்றியுள்ள வளையத்தையும் கடினமான சுவரால் மூடும் உறையே உறை. அது குறித்த அந்தத் துப்பாக்கியின் அளவுக்கென்றே செய்யப்பட்டிருத்தல் வேண்டும். எல்லா அளவுக்கும் பொருந்துமென்று விற்கப்படும் மெல்லிய துணிப்பையில், வெளியிலிருந்து அழுத்தினாலே விசை அசையக்கூடும்.

இரண்டாவது, பிடித்து வைத்திருப்பது. ஓடினாலும் குனிந்தாலும் விழுந்தாலும் ஆயுதம் உறையை விட்டு நழுவலாகாது. குண்டுகளை அகற்றி, வெறுமையாய் உள்ளதென்று இருமுறை பார்த்து உறுதி செய்தபின், மெத்தையின் மேல் உறையைத் தலைகீழாய்ப் பிடித்து உலுக்கினால் உண்மை புலப்படும்.

மூன்றாவது, துப்பாக்கியை எடுத்த பின்னரும் உறையின் வாய் திறந்தே இருப்பது. வாய் சுருங்கினால், ஆயுதத்தை மீண்டும் இடுவதற்கு மற்றக் கையின் உதவி வேண்டும். அந்தக் கை குழலின் முன்னே வரும். நான்காவது, உறையில் இருக்கும்போதே பிடியை முழுக் கையாலும் பற்றக்கூடியதாய் இருப்பது. இவையனைத்தும் நிறைவேறிய பின்னரே, உடைக்கு மேல் தெரியாதிருத்தலும் உட்காரும்போது உறுத்தாதிருத்தலும் கவனிக்கப்பட வேண்டும். வாணிகமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கி, மறைவையும் சொகுசையும் முன்னே வைத்து விலை பேசுகின்றது.

தோல் உறை உடலுக்கு இதமானது. நன்கு செய்தால் நெடுங்காலம் உழைப்பது. எனினும் வியர்வையாலும் பழக்கத்தாலும் அது தளரும். தளர்ந்த விளிம்பு உள்ளே மடிந்து, துப்பாக்கியை இடும்போது விசையை அழுத்திவிடக்கூடும். விமானங்களின் உட்பகுதிகளுக்கென உருவாக்கப்பட்ட கைடெக்ஸ் என்னும் பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கித் துப்பாக்கியின் வடிவில் வார்த்த உறைகள் அவ்வாறு தளர்வதில்லை, ஆனால் கடினமானவை. எதுவாயினும், தடித்த இடுப்புப் பட்டி இல்லையேல் உறை தொங்கி ஆடும்.

அணியும் இடமும் ஆராயத்தக்கது. இடுப்பின் பக்கத்தில், காற்சட்டையின் உட்புறம் வைப்பது பெரும்பாலோருக்கு ஏற்றது. வயிற்றின் முன்புறம் வைத்தால் எடுப்பது எளிது. ஆனால் குழல் தொடையின் பெருநாடியை நோக்கி நிற்கும். முதுகின் நடுவில் வைத்தவன் மல்லாந்து விழுந்தால் முள்ளந்தண்டு ஊறுபடும். குழல் கிடையாக அமைந்த தோளுறை பின்னால் நிற்பவனைக் குறிபார்க்கும். கணுக்காலில் வைத்ததை விரைந்து எடுத்தல் இயலாது.

கைப்பையில் வைப்பது இவை யாவற்றினும் தீயது. பை உடலை விட்டு நீங்கும் பொருள். ஐடஹோ மாநிலத்தில் 2014ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில், இரண்டு வயதுக் குழந்தையொன்று கடையில் வைத்துத் தாயின் கைப்பைக்குள் கையை நுழைத்தது. உள்ளிருந்த துப்பாக்கி வெடித்துத் தாய் அவ்விடத்திலேயே மாண்டாள். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை அமைந்த பை அது. மறைப்பதில் அது குறை வைக்கவில்லை, காப்பதில் தவறியது.

உறை எத்துணைச் சிறந்ததாயினும், ஆயுதத்தை மீண்டும் அதனுள் இடும் கணமே மிக அபாயமானது. எடுப்பதற்கு அவசரம் இருக்கலாம். இடுவதற்கு ஒருபோதும் அவசரம் இல்லை. விரலை விசையிலிருந்து விலக்கி, சட்டையை ஒதுக்கி, உறையின் வாயைக் கண்ணாற் பார்த்து மெல்ல இடவேண்டும். வெறுந் துப்பாக்கியுடன் பலநாள் பழகாதவன் வீதியில் இறங்குவது அறமன்று.

அமெரிக்காவில் வாழும் எம்மவருக்குச் சட்டம் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். மாணவர் வீசாவிலோ தற்காலிகத் தொழில் வீசாவிலோ சென்றவர் துப்பாக்கியை உடைமையாக வைத்திருப்பது, வேட்டை அனுமதிப்பத்திரம் உடையோர் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, மத்திய அரசின் சட்டப்படி குற்றமாகும். நண்பனின் துப்பாக்கி என்பது தப்பும் வழியன்று. நிரந்தர வதிவுரிமை பெற்றவரும், ஒரு மாநிலத்தின் அனுமதி எல்லையைக் கடந்தால் அடுத்த மாநிலத்தில் செல்லாமற் போகலாம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இவ்வளவு பொறுப்பையும் ஏற்க இயலாதவர் ஆயுதம் வாங்காதிருப்பதே நன்று. அச்சம் காரணமாக வாங்கிய ஆயுதத்தை அசட்டையாக வைத்திருப்பவன், தன் வீட்டாருக்கு மற்றோர் அச்சத்தைத் தேடிக் கொடுக்கின்றான்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ், இங்கு துவக்கு வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரம் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பன்றியிலிருந்து பயிரைக் காக்கும் உழவன் தன் துவக்கைத் தோளில் வைத்துச் செல்கிறான். அது யாரிடம் உள்ளதென்பது ஊருக்குத் தெரியும். அந்த வெளிப்படையே ஊருக்கு ஒரு காவல்.

மறைவோ வேறு விதமானது. 1959 செப்டெம்பர் 25ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்ட ரிவோல்வர் ஒரு பிக்குவின் காவியுடைக்குள் மறைந்து வந்தது. 2025 பெப்ரவரி 19ஆந் திகதி கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தில், சட்டத்தரணியின் உடையில் வந்தவன் விளக்கமறியற் கைதியொருவரைச் சுட்டுக் கொன்றான். உள்ளே குடையப்பட்ட சட்டப் புத்தகமே அத்துப்பாக்கியைச் சுமந்து சென்றதென்று பொலிசார் தெரிவித்தனர். மக்கள் மதித்து வணங்கும் உடையையும் நூலையும் கொலைக்கருவியின் கூடாக்கும் வல்லமை மறைவுக்கு உண்டு. எனவேதான், மறைத்துத் தாங்கும் உரிமையை இந்நாட்டில் எவர் கோரினும் நாம் எதிர்ப்போம்.

அதே நெறியை எமது வயல்வெளிகளிலும் நாம் கடைப்பிடிக்க வேண்டும். பற்றைக்குள் மறைத்து, விசையிற் கயிறு பூட்டிப் பாதைக்குக் குறுக்கே கட்டும் கட்டுத்துவக்கு, உறையற்ற விசையின் மிகக் கொடிய வடிவம். பன்றிக்கென்று கட்டியவன் வீட்டில் உறங்குகின்றான். விறகு பொறுக்கச் சென்ற ஏழையின் கால் கயிற்றில் இடறுகின்றது. சட்டவிரோதமான இத்தீமையை எமது கிராமச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் முன்னின்று ஒழிக்கவேண்டும். பயிரழிவால் வாடும் உழவனுக்கு உரிய அனுமதியையும் இழப்பீட்டையும் தாமதமின்றி வழங்குவது அரசின் கடமை. அதனைக் கோரிப் பெறும் உழவன் கட்டுத்துவக்கை நாடான்.

விசையைத் திறந்து விடாதே. ஆயுதத்தைக் கைநழுவ விடாதே. உன் பொறுப்பைப் பிறர் தலையிற் சுமத்தாதே. அமெரிக்கத் தெருவில் இடுப்புப் பட்டி கட்டுபவனுக்கும், எமது காட்டோரத்தில் காவலிருக்கும் கமக்காரனுக்கும் நாம் கூறுவது இதுவே. அந்நாட்டுச் சட்டமன்றங்கள் மறைவான ஆயுதத்துக்கு இடமளித்திருக்குமாயின், அதற்குத் தகுந்த உறையையும் கட்டாயமாக்குதல் அவற்றின் நீங்காக் கடன். சட்டம் வரும்வரை, அக்கடன் ஆயுதம் தாங்கும் ஒவ்வொருவனுடையதுமாகும்.